செந்தூல் தச்சரின் கருவிப்பெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மரப்பெட்டி. கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் பயணிகள் பெட்டிகளைப் பழுது பார்க்கும் தச்சராக வேலை செய்து, ஓய்வு பெற்று, பின்னர் காலமான ஒரு பெரியவருடையது. அவருடைய குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறது. அங்கே பெட்டிக்கு இடமில்லை. பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, ரெக்கார்ட் மார்க் வைஸ் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்றையும் ஸ்டான்லி மார்க் இழைப்புளி ஒன்றையும் மட்டும் தனியே எடுத்து விலை பேசியிருக்கிறார். மிச்சத்தை எல்லாம் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மிச்சத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டாலிங் ஸ்திரீட் பக்கத்துப் பாசார் காராட் என்னும் பழைய சாமான் சந்தையிலும், வார இறுதியில் அம்கார்ப் மால் பழம்பொருள் சந்தையிலும் பெயர் பெற்ற மார்க்குக்குத்தான் வாய் திறந்து விலை கேட்கிறார்கள். ஸ்டான்லி இழைப்புளி என்றால் எந்தக் காலத்தில் எந்த உறுப்பு எப்படி மாறியது என்று வகை வகையாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் ஆண்டைச் சொல்லிவிடலாம். பெயர் எடுக்காத மார்க்குகளுக்கு அந்த வசதி குறைவு. அவற்றின் வரலாற்றைக் கருவியின் உடம்பிலேயே தேடிப் படிக்க வேண்டும். படிப்பதற்கு முன்பே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் படிக்க ஒன்றும் மிஞ்சாது. இந்தப் பெட்டியை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம், அதை யாரும் துடைக்காமல் விட்டிருந்தார்கள் என்பதே.

பெட்டி வந்த இடம்

செந்தூல் பட்டறை, கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எழுந்தது. நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவது முதல் பயணிகள் பெட்டிகளின் மரவேலை வரை அங்கேதான் நடந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை பார்த்தன. 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் பட்டறை பலத்த சேதமடைந்தது. போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டது. 1957இல் டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கின. பின்னாளில் பராமரிப்பு வேலை பேராக் மாநிலத்துப் பத்து காஜா ஊருக்குப் போய்விட்டது. செந்தூலின் பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில்தான் 2005 முதல் நிகழ்கலை மையம் இயங்குகிறது. நாடகம் பார்க்கப் போகிறவர்கள் அந்தச் செங்கல் சுவரைப் பார்த்திருப்பார்கள்.

பட்டறைத் தச்சரிடம் இரண்டு விதக் கருவிகள் இருந்தன என்று பெரியவரின் மனைவி சொன்னார். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கியவை ஒரு பங்கு. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தாமே வாங்கியவை ஒரு பங்கு. இந்தப் பிரிவு பின்னால் முக்கியமாகிறது.

இழைப்புளி

பெட்டியின் மேல்தட்டில் இருந்தது வோடன் டபிள்யூ 5, பதினான்கு அங்குல இழைப்புளி. வோடன் என்பது இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்து வெட்னஸ்பரி ஊரின் மார்க். அந்த நிறுவனத்தின் பெயரிலேயே ஜோசப் ஹாம்ப்டன் என்ற பெயர் இருக்கிறது. ஷெஃபீல்டில் ரெக்கார்ட் கருவிகளைச் செய்த அதே ஹாம்ப்டன் குடும்பம். பர்மிங்காமின் டபிள்யூ.எஸ். நிறுவனம் செய்துவந்த இழைப்புளிகள் 1950களில் வோடன் கைக்கு வந்தன. 1961இல் ரெக்கார்ட் நிறுவனமே வோடனை வாங்கிக்கொண்டது. ஆக, வோடன் பெயர் பொறித்த இழைப்புளிக்குக் கிடைத்த ஆயுள் மிகக் குறுகியது. ஸ்டான்லியின் நூறாண்டு வரிசையில் ஒரு கருவியின் காலத்தைப் பிடிக்க எவ்வளவோ நுணுக்கம் தேவை. இங்கே பெயரே பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் ஆளை நிறுத்திவிடுகிறது. தெரியாத மார்க்கினால் வரும் இலாபம் இது, பலர் கவனிப்பதில்லை.

பெரியவர் பட்டறையில் சேர்ந்தது சுதந்திரத்துக்குச் சற்று முன்பு என்கிறது குடும்பம். காலம் பொருந்துகிறது. புதிதாக வாங்கியிருக்கலாம், ஓரிரு கை மாறியும் வந்திருக்கலாம். எது என்று தேய்மானம்தான் சொல்ல வேண்டும்.

அலகு பாதிக்கு மேல் தேய்ந்து, நடுவே உள்ள நீள்துளையை வெட்டுமுனை நெருங்கியிருந்தது. ஒவ்வொரு தீட்டலிலும் போவது மயிரிழை அளவு எஃகு. இவ்வளவு குறைய ஒரு வேலைக்காலம் முழுவதும் பிடிக்கும். வெட்டுமுனையின் ஒரு மூலை மற்றதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது; ஒரே கை, ஒரே சாய்வில், ஆண்டுக்கணக்காகக் கல்லில் இழுத்ததன் தடம். இரண்டு மூன்று பேர் மாறி மாறித் தீட்டியிருந்தால் அந்தச் சாய்வு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அடித்தகட்டின் வலப்பக்கம் கண்ணாடி போல் வழவழத்திருந்தது. பலகையின் விளிம்பை நேராக்க இழைப்புளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஓட்டினால்தான் பக்கவாட்டுச் சுவர் இப்படித் தேயும். பயணிகள் பெட்டியின் கதவுச் சட்டங்களையும் சன்னல் சட்டங்களையும் இழைத்து இழைத்துப் பொருத்துகிறவரின் கருவி இது.

பின்பிடி தொழிற்சாலையில் வந்தது அல்ல. மூலப்பிடி எப்போதோ உடைந்து, புதிதாகச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார். என்ன மரம்? பூதக்கண்ணாடியில் பார்த்தால் துளைகளுக்குள் கந்தகம் போன்ற மஞ்சள் படிவு. ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் ஒற்றி எடுத்தால் துணியில் பழுப்புக் கறை. இரண்டும் சேர்ந்தால் மெர்பாவ் என்று தயங்காமல் சொல்லலாம். இரும்புத் தண்டு செல்லும் துளையைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. மெர்பாவில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் அந்தக் கறுப்பு வரும். பிடியின் வளைவு ஆங்கிலேய மாதிரியைவிடச் சிறியது. என் கையில் நான்கு விரலும் அதில் அடங்கவில்லை. "அவருக்குக் கை சின்னது, தம்பி" என்றார் பெரியவரின் மனைவியான அம்மா. தம் கைக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்.

வழக்கமான சேகரிப்பாளர் இந்த இடத்தில் "பிடி மூலமல்ல" என்று குறித்து விலையைக் குறைப்பார். என் கணக்கு நேர் எதிர். வெட்னஸ்பரியில் வார்த்த இரும்பும் மலேசியக் காட்டு மரமும் ஒரு செந்தூல் தச்சரின் உள்ளங்கையும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கின்றன. மூலப்பிடியைத் தேடி வாங்கி மாட்டினால் அது உலகத்தில் உள்ள எத்தனையோ வோடன்களில் ஒன்றாகிவிடும்.

சுறாவும் நத்தையும்

உளிகளில் நான்கு சுறாமீன் முத்திரை தாங்கியவை. எரிக் ஆன்டன் பெர்க் என்பவர் 1880இல் சுவீடனின் எஸ்கில்ஸ்தூனா நகரில் தொடங்கிய நிறுவனத்தின் மார்க் அது. 1959இல் பாக்கோ என்ற கருவி நிறுவனம் அதை வாங்கியது. ஐரோப்பியத் தச்சர்களிடம் பெர்க் உளிக்கு நல்ல பெயர் உண்டு. இங்கே, சந்தையில், சுறாவைப் பார்த்ததும் சீனத்து மலிவுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படத்தை முத்திரையாக வைப்பது அக்காலத்தில் பெரிய நிறுவனங்களின் வழக்கம். ஷெஃபீல்டின் ராபர்ட் சோர்பி கங்காருவை வைத்தார். டைசாக் நிறுவனம் ஒன்று யானையை வைத்தது. மார்பிள்ஸ் மூவிலைக் கிளையை வைத்தது. பல மொழி புழங்கும் துறைமுகங்களில் எழுத்தைவிடப் படம் வேகமாக விலைபோகும்.

பெர்க் உளிகளின் பிடிகளில் தமிழ் எழுத்துகள் இருந்தன. கூர்மையான ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியவை. மூன்றில் பெரியவரின் பெயரின் முதலெழுத்து. நான்காவதில் வேறொருவரின் பெயர். அதன் கடைசி எழுத்தான 'லை' பழைய துதிக்கை வடிவில் இருந்தது. தமிழ்நாட்டில் 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபின் அந்த வடிவம் அச்சிலிருந்து மெல்ல மறைந்தது. கையெழுத்தில் பழகியவர்கள் பிறகும் எழுதினார்கள், ஆகையால் இதை வைத்து ஆண்டைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உளி ஒரு மூத்த தொழிலாளியிடமிருந்து கைமாறி வந்தது என்று கொள்ளத் தடையில்லை. அம்மாவுக்கும் அந்தப் பெயர் நினைவிருந்தது: பக்கத்து வரிசை வீட்டுக்காரர், ஓய்வு பெற்றபோது கொடுத்துவிட்டுப் போனார்.

ஓர் உளியின் முனையில் மட்டும் நீல நிறம் படர்ந்திருந்தது. எஃகை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் தோன்றும் நிறம் அது. மரவேலை உளிக்கு வைக்கோல் நிறப் பதம், அதாவது 220, 230 டிகிரி அளவில் நிறுத்த வேண்டும். நீலம் ஏறிய இடத்தில் பதம் போய்விட்டது, முனை நிற்காது. கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டுகிறவர் இதைச் செய்திருக்க மாட்டார். மின்சாரச் சாணையில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். பெரியவரின் மகன் உடனே, சிறுவயதில் தான் செய்த வேலை அது என்றார். நீலம் ஏறிய அளவுக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே நல்ல எஃகு இருக்கிறது, உளி வீணாகவில்லை.

அடித்தட்டில் கிடந்த ஸ்பேனர்களில் மூன்று நத்தை மார்க். பர்மிங்காம் சால்ட்லியின் தாமஸ் ஸ்மித் அண்ட் சன்ஸ் செய்தவை. 3/8 என்று பொறித்த ஸ்பேனரின் வாயை அளந்தால் 18 மில்லிமீட்டர் இருக்கிறது. 3/8 அங்குலம் என்றால் ஒன்பதரை மில்லிமீட்டர்தானே என்று இளம் மெக்கானிக்குகள் திகைக்கிறார்கள். விட்வொர்த் முறையில் எண் ஸ்பேனர் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. போல்ட் தண்டின் விட்டத்தைக் குறிக்கிறது. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த அந்தத் திருகு முறையில்தான் பிரிட்டிஷ் ரயில் எஞ்சின்களும் பெட்டிகளும் பூட்டப்பட்டன. மெட்ரிக் அளவு வந்தபின் இந்த ஸ்பேனர்கள் எதற்கும் பொருந்தாத இரும்பாகத் தோன்றி எடைக்குப் போயின. 3/8 மட்டும் தப்பித்தது, 18 மில்லிமீட்டர் அகலத் தலையுள்ள போல்டுக்குச் சரியாக உட்கார்கிறது.

இந்த மூன்றிலும் எப்.எம்.எஸ்.ஆர். என்ற முத்திரை அடித்திருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே போருக்குப் பிறகு, 1940களின் இறுதியில், மலாயா ரயில்வே ஆனது. ஆகவே இவை பெரியவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பட்டறைக்கு வந்தவை. இங்கேதான் மகனின் முகம் சற்று வாடியது. அரசாங்கச் சொத்து வீட்டில் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால்?

மஞ்சளும் சுண்ணாம்பும்

வோடன் இழைப்புளியின் அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியில் மார்க்கின் எழுத்துகள் புடைத்து நிற்கும். அந்த எழுத்துகளின் இடுக்குகளில் பழுப்பு மஞ்சளாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. பெர்க் உளிகளில் சுறாவைச் சுற்றியும் அதே படிவு. இரும்பில் பழுப்பாக ஒன்றைப் பார்த்தால் துரு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கம்பிப் பிரஷை எடுப்பார்கள். துரு இரும்பைக் கடித்துக்கொண்டு வளரும். இது மேலே பூசிய பொடி போல், பல்குத்தும் குச்சி பட்டதும் உதிர்ந்தது.

உதிர்ந்ததில் சிட்டிகை அளவை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, அடித்தகட்டிலிருந்து சுரண்டிய அசல் துருவைத் தட்டின் மறுபக்கத்தில் வைத்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். துரு அப்படியே கிடந்தது. மூடியிலிருந்து எடுத்தது சிவந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் மீண்டும் மஞ்சளானது. ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதேதான்: மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளுக்குத் திரும்பும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமமும் காலப்போக்கில் காரம் இழந்து இப்படிப் பழுத்துப்போகும். சாயம் கலந்த இன்றைய குங்குமத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது. ஆகவே சிவந்தால் மஞ்சள் உண்டு என்று சொல்லலாமே தவிர, சிவக்காவிட்டால் பொட்டு வைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்த அம்மா, சரஸ்வதி பூசையில் வைத்த பொட்டு அது என்றார். முதல் நாள் இரவே பெட்டியைக் கூடத்தில் இறக்கி, ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்து, காலையில் பொட்டு வைப்பாராம். துடைப்பது சமதளத்தை மட்டும். எழுத்தின் இடுக்கில் போன ஆண்டுப் பொட்டின் மேல் இந்த ஆண்டுப் பொட்டு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

நத்தை ஸ்பேனர்களில் அந்தப் படிவு துளியும் இல்லை. எண்ணெய்ப் பசையுள்ள ஸ்பேனரில் பொடி நிற்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். இல்லை என்று அம்மா தலையை ஆட்டினார். "அது பட்டறைச் சாமான். அதற்குப் பட்டறைப் பூசையில் வைப்பார்கள். வீட்டில் எங்கள் சாமானுக்குத்தான்." கழித்துக்கட்டிய ஸ்டோர் சாமான்களோடு இவற்றையும் பழைய இரும்பாகப் போட இருந்தபோது, மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தாராம். வாங்கி வந்த பிறகும் தம்முடையதாக அவர் கணக்கில் வைக்கவில்லை. முத்திரையைக் கண்டு மகன் கொண்ட சங்கடத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. கம்பிப் பிரஷ் முதலில் வந்திருந்தால் இந்தப் பதிலும் போயிருக்கும்.

என்ன செய்தோம்

துருவை விட்டுவைக்கவும் முடியாது. கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. சிவப்புத் துரு உட்கார்ந்த இடத்தில் பரவிக்கொண்டே போகும். கறுத்துப்போன மேற்படலம் வேறு. அது இரும்பைக் காக்கும் படலம், அதைத் தொடக் கூடாது. சிவந்த இடங்களில் மட்டும் மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்து, பித்தளைப் பிரஷாலும் மிக மெல்லிய எஃகுப் பஞ்சாலும் எடுத்தோம். முத்திரைகள் உள்ள இடத்தை முன்கூட்டியே மெழுகுத்தாள் ஒட்டி மறைத்தேன். வினிகரில் ஊறப்போடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கெட்டியான எஃகை அமிலத்தில் நெடுநேரம் விட்டால் அது நொறுங்கும் தன்மை அடைகிறது, மேற்பரப்பும் சாம்பல் பூத்துப்போகிறது. மின்பகுப்பு முறையில் துரு எடுப்பவர்கள் எவர்சில்வர் கரண்டியை நேர்மின்முனையாக மாட்டக் கூடாது. நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். சாதாரண இரும்புத் துண்டே போதும். கடைசியில் தையல் இயந்திர எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போட்டோம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறி, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியின் மூலையில் பெரியவர் சூடக்கட்டி வைத்திருந்தார். அதற்குப் பதில் புதிது வைத்தோம்.

மகன் இழைப்புளியைப் பளபளவென்று மெருகேற்றிக் கண்ணாடிப் பேழையில் வைக்க விரும்பினார். நான் மறுத்தேன். வாக்குவாதம் கொஞ்சம் நீண்டது. அம்மாதான் முடிவு சொன்னார்: அலகைத் தீட்டிக் கொடுங்கள், பொட்டை விட்டுவிடுங்கள். வெட்டுமுனைக்கு மட்டும் கல் காட்டினேன். அது இப்போது மகனிடம் இருக்கிறது, புதுவீட்டு அலமாரிக் கதவு ஒன்றை இழைத்துப் பொருத்தவும் செய்தார்.

உளிகள் பத்துமலைப் பக்கம் மரச்சாமான் செய்யும் ஓர் இளைஞருக்குப் போயின. பயன்படுத்துகிறவர் கையில் இருப்பதுதான் நல்ல எஃகுக்கு மரியாதை என்பது என் கருத்து. பழைய 'லை' எழுத்துள்ள உளியை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. அந்தப் பெயருக்குரியவரின் பேத்தி செந்தூலிலேயே இருக்கிறாராம். அவரிடம் சேர்க்கப் போவதாகச் சொன்னார்.

பெட்டி வேலை முடிந்து கிளம்பும்போது பின்வாசலில் சாத்தியிருந்த மண்வெட்டி கண்ணில் பட்டது. தகட்டின் தோள்பட்டையில் முதலை முத்திரை. உல்வர்ஹாம்ப்டனின் சில்லிங்டன் நிறுவனம் காலனி நாடுகளின் தோட்டங்களுக்கென்று அனுப்பிய மார்க். தகடு அரையளவாகத் தேய்ந்திருந்தது, பிடியின் நடுவில் இரண்டு கை பிடித்த பள்ளம். யாருடையது என்று கேட்டேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தபோது தம் தாயார் வைத்திருந்தது, கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்ததாக அம்மா சொன்னார். பெட்டியைப் பற்றி இவ்வளவு பேசியும் இதை யாரும் கருவிக் கணக்கில் சேர்க்கவில்லை. வியாபாரி இதன் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. தகட்டின் தேய்மானம் ஒருபக்கமாகச் சரிந்திருக்கிறது. இடக்கைப் பழக்கமுள்ள ஒருவர் வெட்டிய தடம். தம் தாயார் இடக்கைக்காரர்தாம் என்று அம்மா உறுதி செய்தார். அளவுகளையும் முத்திரையையும் குறித்துக்கொண்டு, பெட்டிக்கான பதிவேட்டிலேயே கடைசிப் பொருளாக அதைச் சேர்த்தேன். மண்வெட்டி அடுக்குமாடிக்குப் போகிறது; கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்களுக்கு ஒதுக்கிய தோட்டப் பாத்தி ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

நத்தை ஸ்பேனர்கள் மூன்றையும் நான் வாங்கினேன். ரெக்கார்ட் வைஸுக்கு வியாபாரி சொன்ன விலையையே அளவாக வைத்துக் கொடுத்தேன். பட்டறை முத்திரையோடு, அம்மா சொன்ன விவரத்தை அவர் வாய்மொழியிலேயே எழுதி அட்டையில் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றுக்கு வீட்டில் பொட்டு வைப்பதில்லை.